வாட்டம்

வாஷ்பேசினை நாலடி இடப்பக்கம் தள்ளவேண்டும்,
அவ்வளவுதான் என்றேன்.
இல்மா கிவேலா சிரிக்கவில்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
அலமாரிக்குள் தலையை நுழைத்தவள்
வெளியே வந்து சொன்னாள்:
"பேசின் வரும்.
தண்ணீரைத்தான் கேட்கணும்."

துலூத், அக்டோபர் கடைசி.
ஏரி இன்னும் உறையவில்லை.
ஜன்னலடியில் நின்று முகம் கழுவ வேண்டுமென்பது
வெர்லினின் ஆசை.
பத்தொன்பது வருடம் சுவரைப் பார்த்தே
பல் தேய்த்துவிட்டானாம்.

சுவரை உடைத்ததும்
முதலில் கொட்டியது பிளேடுகள்.
துருவேறி ஒன்றோடொன்று ஒட்டி
ஒரு வாளி.
மருந்துப் பெட்டியின் முதுகில் ஒரு சின்னக் கீறல்.
எங்களுக்கு முன்னிருந்த ஹாகன்ஸன்
அதன் வழியே வாரம் ஒன்றாய்
சுவருக்குள் போட்டுவைத்திருந்தார்
நாற்பது வருடத் தாடியை.
வெர்லின் ஒன்றை எடுத்துப் பார்த்தான்.
பிறகு தன் தாடையைத் தடவிக்கொண்டான்.

வீட்டில் இன்னொருவரும் உண்டு,
அதையும் இல்மாவிடம் சொல்லவேண்டியிருந்தது.
தண்ணீர் வடிந்து முடிகிற நேரம்
கொளக், கொளக் என்று ஒரு குரல்,
கடைசியில் நீளமாய் ஒரு ஆ.
மூன்று வயதில் ஸோரன் அதற்குப் பெயர் வைத்தான்:
கஸ் மாமா.
துப்பிவிட்டு, குட்நைட் சொல்லிவிட்டு,
பதில் வரும்வரை
முக்காலியைவிட்டு இறங்கமாட்டான்.

பரணுக்கு ஏறினாள்.
பஞ்சை விலக்கிப் பார்த்தால்
யாரோ எப்போதோ கூரை மாற்றியபோது
காற்றுக்குழாயை அறுத்து
மூடி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"உங்கள் மாமா பேசவில்லை.
மூச்சுக்குத் திணறியிருக்கிறார்."

பாட்டிலொன்றில் தண்ணீர் பிடித்துக் கவிழ்த்தாள்.
கொளக், கொளக். அதே மாமா.
அடிப்பக்கம் கத்தியால் ஓர் ஓட்டை போட்டாள்.
சத்தமே இல்லை.

வளைகுழாயில் ஒரு வாய்த் தண்ணீர் நிற்கிறதே,
அதுதான் கதவு என்றாள்.
காற்று கிடைக்காவிட்டால்
போகிற தண்ணீர் நிற்கிற தண்ணீரையும்
கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.
பிறகு சாக்கடை மேலேறி
வீட்டுக்குள் உட்காரும்.

நானும் வெர்லினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
அந்த வாடைக்குப் பத்து வருடம்
நாயைத் திட்டியிருந்தோம்.
நாய் இப்போது இல்லை.

மூன்று மரச்சட்டங்களில் துளை.
அடிக்கு இரண்டு நூல் வாட்டம்,
நாலடிக்கு ஓர் அங்குலம்.
ரசமட்டத்தின் குமிழி
நடுவைவிட்டு ஒதுங்கி நின்றது,
ஒதுங்கி நிற்பதே சரி என்பதுபோல.
முகத்தில் வாட்டம் இருந்தால் ஊர் கேட்கும்;
குழாயில் இல்லாவிட்டால்
இன்ஸ்பெக்டர் கேட்பார்.

காற்றுக்குழாய்க்கும் மரியாதை உண்டு.
பேசின் விளிம்புக்கு ஆறு அங்குலம் மேலே
நேராக ஏறிய பிறகுதான்
அது பக்கம் திரும்பலாம்.
கூரைக்கு மேலே மூன்று அங்குல வாய்:
ஜனவரியில் வெளிவிடும் மூச்சே உறைந்து
சின்ன வாயை அடைத்துவிடுமாம் இங்கே.

இன்ஸ்பெக்டர் காலணிக்கு நீல உறை போட்டுக்கொண்டு வந்தார்.
குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி
பதினைந்து நிமிடம்
நாலு பேரும் ஒன்றும் பேசாமல்
ஒரு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
கல்யாணத்தன்றுகூட நான்
அத்தனை அமைதியாய் நின்றதில்லை.
இறங்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.
சுவரை மூடினார்கள்.
பிளேடு வாளி இன்னும் கராஜில் இருக்கிறது,
எதில் போடுவதென்று தெரியாமல்.

நவம்பரில் ஸோரன் வந்தான்,
கடைசிப் பேருந்தில், ஆறடி உயரம், அழுக்குத் துணி மூட்டை.
புது ஜன்னலைப் பார்த்து நல்லாயிருக்கு என்றான்.
பல் தேய்த்தான். துப்பினான்.
தண்ணீர் போயிற்று.

கூடத்திலிருந்து பார்த்தேன்.
பிரஷ் கையில்,
தலையை ஒரு பக்கம் சாய்த்து
நின்றுகொண்டிருந்தான்.
ஜன்னலுக்கு வெளியே ஏரியில்
ஒரு சரக்குக் கப்பலின் விளக்கு
நகர்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

"அம்மா?"

"கூரைமேல் இருக்கிறார்" என்றேன்.
"இப்போதெல்லாம் மூக்கால்தான் மூச்சு விடுகிறார்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
குழாயை இன்னொருமுறை திறந்தான்.